ஐம்பதுக்குக் கீழே

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதறது.

இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. மாமாவுக்குத்தான் முழங்கால் மறுபடி மக்கர் பண்ணுது, மாடிப்படியைப் பாத்தாலே பெருமூச்சு விடறார். நீ, உன் வீட்டுக்காரி, வாண்டு மூணு பேரும் எப்படி இருக்கீங்க? புதுக் கை உரசற இடத்துல தோல் சிவந்திருக்கா? அதை முதல்ல எழுது, மத்த கதையெல்லாம் அப்புறம்.

இதையெல்லாம் போன்லயே சொல்லலாம். ஆனா நம்ம ரெண்டு பேருக்கும் போன் ராசியில்ல. மூணாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் பட்டுனு வெச்சிடறோம். எப்படியும் மெமரி கார்டு கூரியர்ல போய் வரப் போகுது, அதோட ஒரு காகிதத்தையும் மடிச்சு வெச்சிடுவோம். நீ இடது கையால எழுதிப் பழகின மாதிரியும் இருக்கும்.

எங்க செயற்கைக் கை சென்டர்ல இருந்த ஒரு வாரமும் நான் சொல்லச் சொல்ல நீ ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தே. அதனால மறுபடி எழுதறேன். முழங்கைக்குக் கீழ உனக்கு மிச்சம் இருக்கற சதைல ரெண்டு இடம் முக்கியம். உள்பக்கச் சதையை இறுக்கினா கை மூடும், வெளிப்பக்கச் சதையை இறுக்கினா திறக்கும். இல்லாத விரலை மடக்கற மாதிரி நெனச்சுக்கோ, சதை தானா இறுகும். தினம் காலைல கையைக் கழட்டி வெச்சுட்டு, நான் கொடுத்த பட்டையைக் கட்டிக்கிட்டு, பத்து நிமிஷம் மூடு, திற, மூடு, திற. பட்டையோட இருக்கற சின்னப் பெட்டி அந்தச் சதை போடற சிக்னலை கார்டுல ரெகார்ட் பண்ணும். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை கார்டை அனுப்பு. நான் பாத்து மார்க் போட்டு, அடுத்த பாடத்தை அதுல ஏத்தி அனுப்பறேன். அதைக் கைக்குள்ள செருகிட்டா ஆச்சு.

இந்தத் தடவை எடுத்தது மொத்தம் பன்னண்டு பேர். ஜூலைல எங்க தலைமை டெக்னீஷியன் மேடம் ஒவ்வொருத்தர் வேலை பாக்கற இடத்துக்கும் நேர்ல வருவாங்க. அந்தக் கையை வெச்சு வேலை செஞ்சு காட்டறவங்களுக்கு அது சொந்தம், மத்தவங்க திருப்பிக் கொடுத்துடணும். உன்னை லிஸ்ட்ல சேக்க நான் யார் யார்கிட்ட பல்லைக் காட்டினேன்னு எனக்குத்தான் தெரியும். என் மானத்தை வாங்கிடாதே.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 30

அக்காவுக்கு,

நாங்க மூணு பேரும் சௌக்கியம். தோல் சிவக்கல, லேசா அரிக்குது, அவ்வளவுதான். மாமாவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கச் சொல்லு. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், சிரிக்காதே. இந்த நாலு வரிக்கே கால் மணி நேரம் ஆச்சு.

கைக்கு வீட்டுல பேர் வெச்சாச்சு. துரை. கூப்பிட்டா வர்றதில்ல, வந்தாலும் சொன்னதைச் செய்யறதில்ல, மத்த நேரமெல்லாம் பளபளன்னு மேஜை மேல சாஞ்சுக்கிட்டு எங்களை வேலை வாங்கறார். வேற என்ன பேர் வெக்கறது?

பட்டையைக் கட்டிக்கிட்டு இல்லாத விரலை மடக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுது. மூடுன்னு நெனச்சா ரெண்டு சதையும் சேந்து இறுகுது. அந்த மெஷின் தின்னது போக எனக்கு மிச்சம் ஒரு சாண் கூட இல்ல, அதுலயும் பாதி தழும்பு. எங்கேர்ந்து வரும் சிக்னல்?

பேக்கரி கதையைச் சொல்றேன். மாவு பிசையற மெஷின் என் கையை இழுத்துக்கிட்டது யார் தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் முதலாளியும் பேசல, நானும் பேசல. பதினாலு வருஷம் ஐசிங் மேஜைல நின்னவனை ஓவன் முன்னாடி ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு, டைமர் அடிச்சா குரல் கொடுன்னு சொல்லிருக்கார். டைமர்தான் அடிக்குதே, அதுக்கு மேல நான் என்னத்துக்கு? ஐசிங்குக்கு இப்ப ஒரு ஆள் பாதி நாள் வந்து போறான். ஜூலை வரைக்கும் மேஜை உனக்குத்தான், கையைப் பழக்கிட்டு வான்னு முதலாளி வாக்கு கொடுத்திருக்கார். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்க்கா. க்ரீம் கோனைப் புடிக்கணும், மெதுவா அழுத்தணும், நிறுத்த வேண்டிய இடத்துல விடணும். எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதான்.

முதல் கார்டு உள்ள இருக்கு. பாத்து எழுது.

தம்பி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் படிச்சேன். கோழி உன்னை விட நல்லா எழுதும். ஒத்தடத்துல மாமாவுக்குக் கொஞ்சம் பரவால்ல. அரிக்குதுன்னா உறையைத் தினம் துவைச்சுக் காய வெச்சுப் போடு, சோம்பேறித்தனப்படாதே.

கார்டு பாத்தேன். நூத்துக்கு முப்பத்தி நாலு. அதுவும் நான் மனசு இரங்கிப் போட்டது. மூடறதும் திறக்கறதும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குது. தினம் பத்து நிமிஷம்னு சொன்னேன், நீ நாலு நிமிஷத்துல எழுந்து போயிருக்கே. பெட்டில நேரமும் பதிவாகுது, தெரியுமில்ல?

ஒண்ணு சொல்றேன், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. இங்க ஒரு விதி இருக்கு. மூணு தடவை ஐம்பதுக்குக் கீழ வந்தா கையைத் திருப்பி வாங்கிடுவாங்க. வரிசைல நாப்பது பேர் காத்துக்கிட்டிருக்காங்க. என் தம்பின்னு யாரும் பாக்கப் போறதில்ல, நானே பாக்க மாட்டேன். ஒண்ணு ஆயிடுச்சு, இன்னும் ரெண்டுதான் பாக்கி.

முதல் பாடம் ஏத்தி அனுப்பிருக்கேன். வாண்டுக்கு என் முத்தம்.

அக்கா

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். உன் கண்ணுக்கு வேற கண்ணாடி மாத்திக்கோ. உறையைத் துவைக்கறேன், அரிப்பு போயிடுச்சு.

முதல் பாடம் போட்டதுலேர்ந்து துரை கொஞ்சம் பேச்சு கேக்கறார். நேத்து வாண்டோட பென்சிலைப் புடிச்சார், விட்டார், மறுபடி புடிச்சார். அவ கை தட்டினா. அவங்கம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டு சாமான் தேய்க்கப் போயிட்டா, அழறாளோ என்னவோ, நான் கேக்கல.

ஆனா பட்டை கட்டினா மட்டும் ஏற மாட்டேங்குது. பெட்டில பத்துப் பச்சை விளக்கு இருக்கே, எனக்கு நாலுக்கு மேல எரியறதில்ல. ஐம்பதுன்னா அஞ்சு விளக்குன்னு நானே கணக்குப் போட்டுக்கிட்டேன். அந்த அஞ்சாவது விளக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மூணு தடவைன்னு சொல்லிட்டே வேற.

சரி, அதை விடு. முதல்ல எடுத்ததையெல்லாம் அழிச்சுட்டேன். கடைசி ஒரு வாரம் வேற மாதிரி பண்ணிப் பாத்தேன், இந்தத் தடவை நல்லா வந்திருக்கும்னு நெனக்கறேன். கார்டு உள்ள இருக்கு. எழுத வேற விசேஷம் இல்ல.

தம்பி

மார்ச் 4

என் தங்கத் தம்பிக்கு,

சுகமா இருக்கியா? நான் இருக்கற இருப்புக்கு என் சுகத்தைக் கேக்கவே வேணாம். எண்பத்தாறுடா. மெஷின் தப்பு பண்ணுதோன்னு ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன். எண்பத்தாறேதான். மூடறது தனியா, திறக்கறது தனியா, கத்தியால வெட்டி வெச்ச மாதிரி இருக்கு. ஒரே வாரத்துல இப்படி யாரும் ஏறி நான் பாத்ததில்ல. மேடமைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க பொதுவா யாரையும் பாராட்ட மாட்டாங்க. யார் பழக்கினதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிக்கிட்டேன், தப்பா?

மிரட்டினாத்தான் உனக்கு வேலை நடக்கும்னு எனக்கு அப்பவே தெரியும். பெரிய பாடமா ஏத்தி அனுப்பிருக்கேன். இனி கோன் என்ன, ஊசி கூட புடிக்கலாம். மாமாவும் கேட்டுட்டு முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்னார், அப்புறம் மறுபடி உக்காந்துட்டார்.

வீட்டுக்காரியைக் கேட்டதா சொல்லு.

அக்கா

மார்ச் 23

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசுதான் சரியில்ல. மாமா எப்படி இருக்கார்?

நீ அனுப்பின பெரிய பாடம் போட்ட நாள்லேர்ந்து துரை செத்த மாதிரி இருக்கார். மூடு மூடுன்னு கதறினாலும் அசையறதில்ல. தம் கட்டி, பல்லைக் கடிச்சு, கழுத்து நரம்பு புடைக்க முக்கினா ஒரேயடியா பட்டுனு மூடிக்குது. மூடினா திறக்கறதில்ல.

வியாழக்கிழமை நல்ல நேரம் பாத்து ஐசிங் மேஜைக்குப் போனேன். அந்தப் பாதி நாள் ஆள் ஒதுங்கி நின்னு கோனைக் கொடுத்தான். முக்கினேன். ஒரே அழுத்து, கோன் வெடிச்சு க்ரீம் முழுக்க முதலாளி மூக்குக் கண்ணாடி மேல. அவர் துடைச்சுக்கிட்டார், திட்டல. திட்டிருக்கலாம். அப்புறம் கை திறக்கவே இல்ல. கிழிஞ்ச கோனைப் புடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னேன். கடைசில அந்த ஆள்தான் ஒவ்வொரு விரலா நெம்பி எடுத்தான். வயசுல என்னை விட எவ்வளவு சின்னவன்.

பாடத்துல ஏதோ கோளாறு இருக்கு. பென்சில் புடிச்ச பழைய பாடமே தேவலாம். அடுத்த கார்டு அனுப்பறேன், இதுலயும் மார்க் நல்லா வரும். ஆனா கையைச் சரி பண்ணு.

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

நலமா? இங்க நலம். கோவத்தோட எழுதறேன், அதனால சுருக்கமா எழுதறேன்.

எண்பத்தெட்டு வந்திருக்கு. பாடத்துல கோளாறு இல்ல. பத்து தடவை சரி பாத்துட்டேன், மேடமும் பாத்துட்டாங்க. எண்பத்தெட்டு போடற சதை, கையைக் கட்டினதும் தூங்கிடுமா? காலைல பத்து நிமிஷம் எனக்காகப் பண்ணிட்டு, நாள் பூரா கையைக் கழட்டி மேஜை மேல வெச்சிருக்கே. அதுதான் நடக்குது. ஸ்டூல் சுகமா இருந்தா அதைச் சொல்லிடு. சோம்பேறிக்குப் பாடம் ஏத்தறதை விட எனக்கு வேற வேலை இருக்கு.

உன் சிக்னல் கோடு எவ்வளவு சுத்தமா இருக்குன்னா, மேடம் அதை அச்சடிச்சு சுவத்துல ஒட்டிட்டாங்க. மத்த பதினோரு பேருக்கும் அதுதான் மாதிரி. இப்படி வரணும்னு அவங்களுக்கும் அளவைக் கூட்டப் போறாங்க. நான் தலை நிமிந்து நடக்கற இடத்துல கொண்டாந்து என்னைக் குனிய வெக்காதே. ஒழுங்கா கட்டிப் பழகு.

இன்னும் கொஞ்சம் கூட்டி ஏத்திருக்கேன்.

அக்கா

மே 9

அக்காவுக்கு,

எல்லாரும் உயிரோட இருக்கோம். நீங்களும் இருப்பீங்கன்னு நம்பறேன். மாமா முழங்காலை விசாரிச்சேன்னு சொல்லு.

அஞ்சு வாரமா ஏன் எழுதலைன்னு கேக்காதே. எழுதினா இதைத்தான் எழுதுவேன். நீ சோம்பேறின்னு எழுதின காகிதத்தை வீட்டுக்காரி படிச்சா. அதை மடிச்சு வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அந்த மரத்துப் போன ஜென்மத்தோட நான் தினம் எத்தனை மணி நேரம் மல்லுக்கு நிக்கறேன்னு அவளுக்குத் தெரியும். தோள்பட்டை வீங்கிருக்கு. பல்லைக் கடிச்சுக் கடிச்சு தாடை விட்டுப் போச்சு. தலைகீழா நின்னாலும் துரை திறக்கறதில்ல.

முதலாளி அந்தப் பாதி நாள் ஆளை முழு நாளாக்கிட்டார். என்கிட்ட சொல்லல. என் ஏப்ரன் ஆணில தொங்கிக்கிட்டிருந்துது, திங்கக்கிழமை போய்ப் பாத்தா அதை மாட்டிக்கிட்டு அவன் நிக்கறான். ஜூலைன்னு சொன்னீங்களேன்னு முதலாளியைக் கேட்டேன். கை திறக்கட்டும், பாக்கலாம்ங்கறார்.

நீ படிச்சவ. எண்பத்தெட்டு மார்க் வாங்கற கை ஏன் ஒரு கோனைப் புடிச்சு விட மாட்டேங்குதுன்னு உன்னால சொல்ல முடியல. பாடம் பாடம்னு அனுப்பறியே, அதுல என்னதான் இருக்கு? உன்னால எனக்கு ஒண்ணும் ஆகல.

வேற சொல்ல ஒண்ணும் இல்ல. கார்டு இருக்கு, பாத்துக்கோ. உடம்பைக் கவனிச்சுக்கோ.

தம்பி

மே 18

தம்பிக்கு,

உன் தோள்பட்டை வீக்கம் வத்திச்சா? எனக்கும் ரெண்டு நாளா தூக்கம் சரியில்ல. காரணம் சொல்றேன், பொறுமையா படி.

கார்டுல ஒவ்வொரு நாளுக்கும் பத்து நிமிஷம்தான் இருக்கும். மே ஒம்பதாம் தேதி மட்டும் ஒரு மணி நேரம் ஓடிருக்கு. அன்னிக்குப் பெட்டியை அணைக்காம பட்டையோடவே எழுந்துட்டே. பத்து நிமிஷத்துக்கு அப்புறம் கோடு வேற மாதிரி ஆயிடுது. பொடிப் பொடியா ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது. பட்டைதான் பழுதாயிடுச்சோன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம் அதே தேதி போட்ட உன் கடிதம் மேஜை மேல கிடந்துது.

பக்கத்துல வெச்சுப் பாத்தேன். நீ ஒரு வரி எழுதினா கோடு ஓடுது, அடுத்த வரிக்குக் கை நகர்றப்ப நிக்குது. நீள வரிக்கு நீள ஓட்டம், குட்டை வரிக்குக் குட்டை ஓட்டம். ‘உன்னால எனக்கு ஒண்ணும் ஆகல’ங்கற இடத்துல கோடு உச்சிக்குப் போய் நிக்குது. காகிதத்துலயும் அங்க பேனா அழுந்தி பின்பக்கம் தெரியுது.

இல்லாத கையோட சதை பேனா புடிச்சு எழுதாதுடா. பட்டை உன் இடது கைல இருந்திருக்கு. எண்பத்தாறும் எண்பத்தெட்டும் உன் நல்ல கை வாங்கின மார்க். இடது கைல பட்டையைக் கட்டிக்க உனக்கு இன்னொரு கை கிடையாது. கட்டி விட்டது யாருன்னு நான் கேக்கல, அவ மேல எனக்குக் கோவமும் இல்ல.

நான் ஏத்தின ஒவ்வொரு பாடமும் உன் கார்டுல இருந்த பலத்துக்கு அளவெடுத்துப் போட்டது. அந்த அளவு சிக்னல் வந்தாத்தான் கை அசையும். இடது கைக்கு அளவெடுத்து வலது கைக்குத் தச்சிருக்கேன். அது எப்படி அசையும்?

இன்னொண்ணு. உன் காகிதத்துல வரி முப்பத்தொண்ணு. கோட்டுல ஓட்டம் முப்பத்தெட்டு. ‘ஒண்ணும் ஆகல’வுக்கும் ‘வேற சொல்ல ஒண்ணும் இல்ல’வுக்கும் நடுவுல ஏழு வரி ஓடிருக்கு, அது எனக்கு வரல. என்ன எழுதிக் கிழிச்சே?

அக்கா

மே 25

அக்காவுக்கு,

நலம்னு எழுத வரல. நீயாவது நல்லா இருக்கியா?

அந்த ஏழு வரில இதைத்தான் எழுதினேன். பட்டையை மாத்திக் கட்டறேன், மன்னிச்சுடுன்னு. அப்புறம் படிச்சுப் பாத்தேன், கை போயிடும்னு பயம் வந்துது, கிழிச்சுட்டேன்.

நான் பண்ணினது தப்புதான். ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு. நீ மார்க்னே. பாடம்னே. ஐம்பதுக்குக் கீழ வந்தா புடுங்கிடுவாங்கன்னே. நான் அதைப் பரீட்சைன்னு நெனச்சேன். பாஸானா அடுத்த பாடம், எல்லாருக்கும் ஒரே பாடம்னு நெனச்சேன். இந்தக் கார்டைப் பாத்துத்தான் கைக்கே அளவு வெக்கறோம்னு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிருந்தா, எவனாவது தன் கையைத் தானே கட்டிப் போட்டுக்குவானா? நான் மக்குன்னு உனக்குத் தெரியும். மக்குக்குத் தகுந்த மாதிரி சொல்ல வேண்டியது உன் வேலை இல்லையா?

மூணு மாசம் என் வலது கைல மிச்சம் இருக்கற அந்தத் துண்டைத் திட்டித் தீத்துட்டேன். செத்த சதைன்னேன். ஒருநாள் சுவத்துல மோதினேன், வாண்டு பயந்து அவங்கம்மா பின்னாடி ஒளிஞ்சுது. அதை எங்க போய்ச் சொல்ல?

இது வலது கைல கட்டி எடுத்த கார்டு, நெஜமானது. மூணு விளக்குதான் எரியுது, முன்னாடி எரிஞ்ச நாலு கூட இல்ல. ஜூலைக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. மேடம்கிட்ட சொல்லாதேக்கா. நமக்குள்ளயே இருக்கட்டும். கெஞ்சிக் கேக்கறேன்.

தம்பி

ஜூன் 16

தம்பிக்கு,

எல்லாரும் எப்படி இருக்கீங்க? மூணு வாரம் பதில் போடாம விட்டதுக்கு என்னைத் திட்டிருப்பே. தினம் எழுத உக்காந்தேன், முடியல.

முதல்ல என் தப்பு. ஐம்பதுன்னு ஒரு விதியே கிடையாது. அது நான் விட்ட புருடா. நீ பத்து நிமிஷத்துக்கு நாலு நிமிஷம் பண்ணிட்டு எழுந்து போனதைப் பாத்து எரிச்சல்ல எழுதினேன். ஸ்கூல்ல உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தப்ப, இந்தத் தடவை தேறலைன்னா ஹெட்மாஸ்டர் உன்னை ஒரு வகுப்பு கீழ இறக்கிடுவார்னு சொல்வேனே, அதே மாதிரி. நீயும் அப்ப பக்கத்துப் பையனைப் பாத்து எழுதினே, இப்பவும் அதையே பண்ணிட்டே. ரெண்டு பேரும் நாப்பது வயசைத் தொட்டாச்சு, ஒரு அடி நகரல.

முப்பத்தி நாலு தாராளமா போதும்டா. இங்க இருபத்தி ரெண்டு மார்க்கை வெச்சுக்கிட்டு ஒருத்தர் தினம் கடையைத் திறந்து பூட்டறார். நீ பென்சில் புடிச்சது அந்த முப்பத்தி நாலுலதான். அதோட விட்டிருந்தா மார்ச்லயே மேஜைல நின்னிருப்பே.

ரெண்டாவது. நான் மேடம்கிட்ட சொல்லிட்டேன். நீ சொல்லாதேன்னு கெஞ்சினதைப் படிச்சுட்டுத்தான் சொன்னேன். சுவத்துல உன் கோட்டை ஒட்டினாங்கன்னு எழுதினேன் இல்ல? அதைப் பாத்து மத்தவங்க கைக்கும் அளவைக் கூட்டிட்டாங்க. போன வாரம் ஒரு அம்மா வந்து, கை திறக்க மாட்டேங்குது, நான்தான் சரியாப் பண்ணலையான்னு கேட்டு அழுதாங்க. நீ எழுதின அதே வார்த்தை. அவங்க எதிர்ல வாயை மூடிக்கிட்டு என்னால உக்கார முடியல.

மேடம் கத்தல. மூணு மாசக் கணக்கு பொய், அதனால உன் பேர் லிஸ்ட்லேர்ந்து போகுது, கை வரிசைல அடுத்தவருக்குப் போகுதுன்னாங்க. ஜூலை ஒண்ணாம் தேதி கூரியர்காரர் வருவார். உன் பேரை வரிசைக் கடைசில மறுபடி எழுதிருக்கேன், சிபாரிசு இல்லாம. என்னை அளவெடுக்கற அறைலேர்ந்து ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. புடுங்கிடுவாங்கன்னு பொய் சொல்லி உன்னை மிரட்டினேன். இப்ப நெஜமாவே புடுங்கறது நான்தான்.

உன் நெஜக் கார்டுக்கு அளவெடுத்து ஒரு பாடம் ஏத்திருக்கேன். இருபத்தொம்பது. மேடமைக் கேட்டுத்தான் அனுப்பறேன். மிச்சம் இருக்கற நாளுக்காவது போட்டுப் பாரு. போடாம விட்டாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

அக்கா

ஜூன் 30

அக்காவுக்கு,

நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். தோள்பட்டை வீக்கம் வத்திடுச்சு. மாமாவை ஸ்டோருக்கெல்லாம் உன்னைத் தேடிக்கிட்டுப் படியேறி வர வேணாம்னு சொல்லு.

உன் கடிதம் வந்த அன்னிக்கு கார்டைத் தூக்கிக் குப்பைல போட்டேன். வீட்டுக்காரி எடுத்துத் துடைச்சு, அவளே துரைக்குள்ள செருகி என் முழங்கைக்குக் கீழ மாட்டி விட்டா. திறன்னு சும்மா நெனச்சேன். திறந்துது. தம் கட்டல, பல்லைக் கடிக்கல. மூடுன்னேன், மெதுவா மூடுச்சு. மூணு மாசமா முக்கி முக்கிப் பழகினதால எனக்குத்தான் சும்மா இருக்க வரல. எங்கயும் போகாம அன்னிக்கு முழுக்க அதையே பண்ணிக்கிட்டிருந்தேன். அழுதேன்னு எழுத வெக்கமா இருக்கு, ஆனா அழுதேன்.

ஒம்பது நாள் கிடைச்சுது. நேத்து மத்தியானம் அந்த ஆள் சாப்பிடப் போறப்ப, மேஜை சும்மாதான் இருக்குண்ணே, பாருங்கன்னு சொல்லிட்டுப் போனான். ஓரம் உடைஞ்ச கேக் ஒண்ணு ஒதுக்கி வெச்சிருந்துது. துரை கோனைப் புடிச்சார், நான் இடது கையால தட்டைத் திருப்பினேன். ஓரம் பூரா பூ. பதினாறு போட்டேன், மூணு சப்பை. முதலாளி பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்தது எனக்குத் தெரியாது. இதை மார்ச்லயே பண்ணிருக்கக் கூடாதான்னார். அந்த ஆளுக்கு வாக்கு கொடுத்தாச்சு, பாவம் அவனும் குடும்பஸ்தன்னார். நான் சரின்னேன். டைமர் அடிச்சுது, போய்க் குரல் கொடுத்தேன்.

உன் மேல இன்னும் கோவம் போகல. மேடம்கிட்ட சொன்னதுக்கு இல்ல, அந்த அம்மா அழுததைப் படிச்சேன், அது சரிதான். ஐம்பதுன்னு எழுதினே பாரு, அதுக்கு. நான் உன் தம்பி, நீ எழுதினா நம்புவேன்னு உனக்குத் தெரியாதா? எப்ப போகும்னு தெரியல. போனதும் போன் பண்றேன்.

கையைத் துடைச்சு, உறையைத் துவைச்சு, பெட்டில வெச்சு ஒட்டியாச்சு. வாண்டு டாட்டா சொன்னா. இந்த ஒம்பது நாள்ல எடுத்த கார்டும் உள்ள இருக்கு. நாப்பது வரும்னு நெனக்கறேன், நாலு விளக்கு எரிஞ்சுது. வலது கைதான், என் கைதான். இந்தக் கையை அடுத்து கட்டிக்கப் போறவர்கிட்ட, ஸ்டோர்லேர்ந்து எழுந்து போயாவது முதல் நாளே சொல்லிடு, இது பரீட்சை இல்லன்னு. எனக்கு நீ சொல்லல. நானும் கேக்கல.

தம்பி